அப்பாவின் ஈசிஜி போட்டோவும் வார்டில் இருக்கும் செல்போனும்

ஆஸ்பத்திரி ஆட்கள் கையில் போனே இருக்கக் கூடாது என்று சொல்கிறவர்களிடம் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் மாதிரி ஆரம்பித்தது. ஜெலுசில் குடித்தும் கேட்கவில்லை, வேர்த்துக் கொட்டியது, 108-ஐக் கூப்பிட்டு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனோம். ட்யூட்டியில் ஒரே ஒரு டாக்டரம்மா, என் தங்கை வயதுதான் இருக்கும். ஈசிஜி தாள் சுருண்டு சுருண்டு போனது, அதன் நுனியை நர்ஸம்மா இரண்டு விரலால் கட்டில் ஓரத்தில் அழுத்திப் பிடிக்க, டியூப்லைட் வெளிச்சம் தாளில் அடிக்காதபடி டாக்டரம்மா சாய்ந்து நின்று போனில் படம் எடுத்தார். மருத்துவக் கல்லூரியில் இருந்த இதய டாக்டருக்கு அது போய் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அவரே கூப்பிட்டுவிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது: "இன்ஃபீரியர் வால் எம்ஐ. வலது பக்க லீடும் எடுத்து அனுப்பும்மா, அதுவரைக்கும் சார்பிட்ரேட் வைக்காதே."

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. இன்ஃபீரியர் வால் எம்ஐ என்றால் இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு, அது வந்தால் சிலருக்கு இதயத்தின் வலது பக்கமும் சேர்ந்து அடிபட்டிருக்கும், அதைப் பார்க்கத்தான் நெஞ்சின் வலது பக்கத்திலும் ஈசிஜி எடுப்பது, அப்படி அடிபட்டிருக்கும்போது நாக்குக்கு அடியில் அந்த சார்பிட்ரேட் மாத்திரையை வைத்தால் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும் என்று பிறகு டாக்டரம்மாவே பொறுமையாகச் சொன்னார். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை அங்கேயே போட்டுவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அப்பா இன்றைக்கு வயலுக்குப் போய் வருகிறார்.

ஆனால் மறுநாள் மத்தியானம் சித்தப்பா மகன் கூப்பிட்டான். "அண்ணே, பெரியப்பா ஈசிஜி எங்க குரூப்ல வந்திருக்கு, பேர் வயசு எல்லாம் தெரியுது." அந்த ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் கைமாற்றியிருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிய அப்பத்தாவிடம் நாங்கள் விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தோம். பக்கத்து வீட்டு அம்மா வந்து அழுததில்தான் அவருக்குத் தெரிந்தது. அதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் வாட்ஸ்அப்பில் ஆலோசனை கேட்கலாம் என்று 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் (தொலைவிலிருந்தே வைத்தியம் பார்ப்பது) வழிகாட்டுதலே சொல்கிறது, நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. முதல் பாதிதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது போல.

* * *

தம்பி, நான் 14 வருடமாக வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். அப்பத்தா விஷயத்தைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் வார்டில் பெயர் எழுதிய மேல் ஓரத்தை மடித்துவிட்டுத்தான் படம் எடுப்போம், பெட் நம்பர் மட்டும் தெரியும், பெயரைப் போனில் வாயால் சொல்லிவிடுவோம். செலவே இல்லாத வேலை இது.

இன்னொன்றும் சொல்கிறேன். குழந்தைக்கு மைக்ரோ செட்டில் (சின்னச் சின்னச் சொட்டாக விழுகிற டிரிப் குழாய்) டிரிப் ஓடும்போது 60 சொட்டு ஒரு மில்லி, அதனால் மணிக்கு எத்தனை மில்லி வேண்டுமோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு எண்ணுவேன். பின்னால் நிற்கிற பாட்டி, "பிள்ளை அழுவுது, இந்தம்மா செல்லு பார்க்குது" என்பார். வலிக்கும். இப்போதெல்லாம் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டி, "சொட்டு எண்ணுறேம்மா" என்று சொல்லிவிடுகிறேன்.

சரி, எங்கள் பக்கத்துத் தப்பையும் மறைக்கக் கூடாது. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பெரியவருக்கு இன்சுலின் போட்டேன், சார்ட்டில் கையெழுத்துப் போடப் போகும்போது வீட்டிலிருந்து ஃபோன். பேசிக்கொண்டே அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன். நைட் ட்யூட்டிக்கு வந்தவர் சார்ட்டைப் பார்த்தார், கையெழுத்து இல்லை, மறுபடியும் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் பெரியவருக்கு உடம்பெல்லாம் ஈரம், பேச்சு குழறுகிறது, சுகர் 46-க்கு இறங்கிவிட்டது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றிய பிறகுதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து மருந்து ட்ரேயைக் கையில் எடுத்தால் என் போன் டிராயருக்குள் போய்விடும். வீட்டில் அவசரம் என்றால் வார்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

* * *

அக்கா, நீங்கள் சொன்னது போல என் மகன் அட்மிட் ஆனபோது யாராவது சொல்லியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். நான் பார்த்தது வேறு. ஒரு நர்ஸ் கிளவுஸ் போட்ட கையாலேயே போனை எடுத்துப் பேசி, பையில் வைத்துவிட்டு, அதே கையால் அவன் வென்ஃப்ளானை (மருந்து ஏற்ற நரம்பில் செருகியிருக்கும் குழாய்) தொட வந்தார். "சிஸ்டர், கிளவுஸ்" என்றேன். முகம் மாறியது, ஆனால் மாற்றிக்கொண்டார். மறுநாள் அவரே போனை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

* * *

அக்காவுக்கு: நேற்று அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போனபோது அந்த டாக்டரம்மாவிடம் உங்கள் பதிலைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். அப்புறம் மேஜையில் கிடந்த ஒரு ஈசிஜி தாளை எடுத்து, பெயர் இருந்த ஓரத்தை நகத்தால் கீறி மடித்துப் பார்த்தார்.