குழறினாரா, முணுமுணுத்தாரா?

ஒற்றுப்பிழை:
சிறுகதை ஒன்றை நண்பரிடம் திருத்தக் கொடுத்தேன். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர், மரத்துப்போன வாயோடு மனைவியிடம் சாவி கேட்கிறார். “ஹாவியக் குது” என்றுதான் வருகிறது. அதன் பக்கத்தில் ‘முணுமுணுத்தார்’ என்று எழுதியிருந்தேன். நண்பர் அதை அடித்துவிட்டு ‘குழறினார்’ என்று போட்டிருக்கிறார். ஏன் என்றால், “காதில் ஒட்டவில்லை” என்கிறார். இரண்டுமே புரியாத பேச்சுதானே?

வெண்டளை:
நண்பர் சொன்னதுதான் சரி. முணுமுணுப்பவர் நினைத்தால் தெளிவாகவே பேசலாம். அடுத்தவர் காதில் விழவேண்டாம் என்று குரலை அடக்குகிறார், அவ்வளவுதான். குழறுபவருக்கு அந்த வசதி இல்லை. உங்கள் ஆள் கத்திக் கேட்டாலும் “ஹாவி”தான்.

எழுவாயை வைத்தும் பார்க்கலாம். ‘நாக்கு குழறியது’, ‘வாய் குழறியது’ என்போம். ‘உதடுகள் முணுமுணுத்தன’ என்போம். ‘நாக்கு முணுமுணுத்தது’ என்று சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும். முணுமுணு இரட்டைக்கிளவி; ‘முணு’ என்று தனியே பிரித்தால் பொருள் கிடையாது, வெறும் ஓசை. அந்த ‘மு’வைச் சொல்லவே உதடு மூடவேண்டும். குழறுவில் ழ, ற இரண்டும் நாக்குக்கு வேலை வைப்பவை. மரத்த வாய்க்கு அந்தச் சொல்லே வராது!

அரைப்புள்ளி:
இன்னொன்று. முணுமுணுத்தார் என்றாலே ஏதோ மனக்குறை இருப்பதுபோல ஆகிவிடும். (பாட்டை முணுமுணுப்பது வேறு கணக்கு.) வாசகர் புருஷன் பெண்டாட்டிச் சண்டையை எதிர்பார்ப்பார். அப்புறம், ‘உளறினார்’ என்றும் மாற்றிவிடாதீர்கள். உளறல் விஷயத்தில் இருக்கும் கோளாறு. மைக் பிடித்துக் கணீரென்றும் உளறலாம்.

நடுஇரவு:
கதைக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஊசி எதுவும் போடாத ஒருவருக்குத் திடீரென்று வாய் குழறினால் பக்கவாதமாக இருக்கலாம். சொல்லாராய்ச்சி செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

ஒற்றுப்பிழை:
சரி, ‘குழறினார்’ இருக்கட்டும். மரப்பு விட்டதும் மனிதர் வலியில் முனகுவார், அதற்கும் ஒரு வரி வைத்திருக்கிறேன். முணுமுணுப்பை மனைவிக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. சாவி அவர் சட்டைப்பையிலேயேதான் இருந்தது.