பெர்மியன் பிரையோசோவாக்களை வகைப்படுத்திய அனுபவங்கள்

பெர்மியன் காலப் (ஏறத்தாழ 30 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) புதைபடிவங்களில் வேலை செய்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்ததால், பிரையோசோவா என்னும், கூட்டமாக வாழும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகளில் ஒரு பேரினமான, ஆஸ்திரேலியத் தீவு டாஸ்மேனியாவின் ஸ்டெனோபோராக்களைப் பற்றி எழுதுகிறேன். அங்குள்ள மரியா தீவின் ஃபாசில் கிளிஃப்ஸ் பாறைச் சுவரில், யூரிடெஸ்மா என்னும் தடித்த ஓட்டுச் சிப்பிகளுக்கு நடுவே, பிரையோசோவாக்களின் உடைந்த கிளைகளும் வலை போன்ற தகடுகளும் செறிந்து கிடப்பதையும், மிதக்கும் பனிக்கட்டிகள் உருகியபோது கடலடியில் விழுந்த கற்கள் அதே அடுக்குகளில் பதிந்திருப்பதையும் ஒருசேரக் காணலாம். அது தேசியப் பூங்கா என்பதால் நான் அங்கே பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். அறுத்து ஆராய்ந்தவை பழைய சேகரிப்புகளில் இருந்த மாதிரிகளே.

இந்தப் பேரினத்தின் வரலாற்றை அறியாமல் இதில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1836 பிப்ரவரியில் பீகிள் கப்பல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் துறைமுகத்தில் நின்றபோது டார்வின் திரட்டிய படிவங்களை ஆங்கிலேயப் புவியியலாளர் வில்லியம் லான்ஸ்டேல் ஆராய்ந்து, எரிமலைத் தீவுகள் குறித்து டார்வின் 1844இல் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கையில் ஆறு இனங்களாக விவரித்தார். ஸ்டெனோபோரா டாஸ்மேனியென்சிஸ் அவற்றுள் ஒன்று. அவர் அவற்றைப் பவளங்கள் என்றே எழுதினார். வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும், நெருங்கிய குழாய்களாலான அந்தக் கிளை பவளமாகத்தான் தோன்றும்.

உண்மையான அடையாளம் உள்ளே இருக்கிறது. கிளையைக் குறுக்காக ஒன்றும், நீளவாக்கில் நடு அச்சு வழியாக ஒன்றும், மேற்பரப்பை ஒட்டி ஒன்றுமாக மூன்று திசைகளில் அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குக் கார்போரண்டம் என்னும் தேய்ப்புத் தூளால் தேய்த்துத் தின் செக்‌ஷன் என்னும் மெல்லிய சீவல் தயாரிக்க வேண்டும். நீளவாட்டுச் சீவலில், கிளையின் நடுவே மெல்லிய சுவர்களுடன் மேலேறும் குழாய்கள் வெளிப்புறம் வளைந்ததும் அவற்றின் சுவர்கள் தடிக்கின்றன. அந்தத் தடிப்பும் சீராக இல்லாமல், நூலில் கோத்த மணிகளைப் போல விட்டுவிட்டுப் புடைத்திருக்கும். ஸ்டெனோபோராவை இனங்காண முதலில் தேட வேண்டிய பண்பு இதுவே. மேற்பரப்பை ஒட்டிய சீவலில், அறைவாய்களுக்கு (ஒவ்வோர் உயிரியும் வாழ்ந்த குழாயின் திறப்புகளுக்கு) இடையே அகாந்தோஸ்டைல் என்னும் முள் தண்டுகள் வட்டப் புள்ளிகளாகத் தெரியும். பேரினம் முடிவானபின், அறைவாயின் விட்டம், சுவரின் தடிப்பு, முள் தண்டுகளின் அளவு ஆகியவற்றைப் பல கிளைகளில் அளந்து, சராசரியோடு மாறுபாட்டையும் அட்டவணையில் தர வேண்டும். ஒரே கிளையை வைத்துப் புது இனம் அறிவிப்பதை நான் ஏற்பதில்லை. வகுப்பு ஸ்டெனோலெமேட்டா, வரிசை டிரெபோஸ்டொமேட்டா என்று எழுதுவது இத்தனைக்கும் பிறகு வருகிற எளிய வேலை.

* * *

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் வேலை செய்தது வலைத் தகடுகளான ஃபெனெஸ்டெல்லிட் குழுவில். இங்கு பெருந்தடை, பாறை பெரும்பாலும் தகட்டின் பின்பக்கமாகவே பிளப்பதுதான். அறைவாய்கள் உள்ள முன்பக்கம் பாறையோடு ஒட்டிக்கொண்டு மறைந்துவிடுகிறது. இந்தக் குழுவை வகைப்படுத்த நான்கு எண்கள் வேண்டும். 10 மில்லிமீட்டரில் எத்தனை கிளைகள், எத்தனை வலைக்கண்கள் என்று பின்பக்கத்திலேயே எண்ணிவிடலாம். ஆனால் 5 மில்லிமீட்டரில் எத்தனை அறைகள், எத்தனை கணுக்கள் (சிறு புடைப்புகள்) என்ற மற்ற இரு எண்களுக்கு முன்பக்கம் வேண்டும், அல்லது சீவல் வேண்டும்.

முன்பெல்லாம் இரட்டை வரிசை அறைகளைக் கண்டாலே ஃபெனெஸ்டெல்லா என்று எழுதிவிடுவார்கள். இன்று அறையின் அடிப்பகுதி முக்கோணமா, ஐங்கோணமா என்பதை ஆழமான சீவலில் பார்த்தே பேரினத்தைப் பிரிக்கிறோம். ஜோன் க்ராக்ஃபோர்ட் 1944இல் மேற்கு ஆஸ்திரேலியப் படிவங்களைக் கொண்டு நிறுவிய மினில்யா பேரினத்துக்கோ, கிளையின் நடுமேட்டில் கணுக்கள் இரு வரிசையாக இருப்பதே முதன்மைப் பண்பு. அந்த இரு வரிசைகள் கண்ணில் படாதவரை நான் மினில்யா என்று எழுதுவதில்லை; ‘ஃபெனெஸ்டெல்லிடே குடும்பம், பேரினம் தீர்மானிக்கப்படவில்லை’ என்று குறித்து, மாதிரியை அடுத்தவர் மீண்டும் அறுத்துப் பார்க்க வசதியாக எண்ணிட்டு வைத்துவிடுகிறேன்.