பேஜிங்கை இயக்கியதும் இனிட்ஆர்டி காணாமல் போகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். 32 பிட் எக்ஸ்86-க்கு ஒரு சிறிய கர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். கணினியைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரான க்ரப் அதை 1 எம்பி முகவரியில் ஏற்றுகிறது. இனிட்ஆர்டியை (கர்னலுக்குத் தொடக்கத்தில் வேண்டிய கோப்புகளின் தொகுப்பு) மல்டிபூட் மாட்யூலாக, அதாவது கர்னலோடு சேர்த்து க்ரப் நினைவகத்தில் ஏற்றும் கோப்பாக, கொடுக்கிறேன். அது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய சாதாரண டார் கோப்புதான். கர்னல் தொடங்கியவுடன் படித்தால் எல்லாக் கோப்புகளும் தெரிகின்றன. பேஜிங்கை (நிரலின் முகவரிகளைப் பக்கம் பக்கமாகப் பௌதிக நினைவக முகவரிகளாக மாற்றும் முறை) இயக்கிய பிறகு ஒன்றுகூட இல்லை. மூன்று நாளாக டார் படிக்கும் பகுதியையே மாற்றி மாற்றி எழுதுகிறேன், பலனில்லை.

முகவரிகள் (ஹெக்ஸில்): கர்னல் முடிவு 112400, மாட்யூல் 113000 முதல் 118000 வரை.

பதில் 1:
டார் நிரலை விட்டுவிடுங்கள், கோளாறு அங்கே இருக்காது. கர்னலை க்யூஎம்யூ எமுலேட்டரில் ஓட்டி, அதன் மானிட்டரில் பௌதிக நினைவகத்தையே நேராகப் பாருங்கள். டார் தலைப்பின் 257-ஆவது பைட்டிலிருந்து 'யூஸ்டார்' என்ற குறி இருக்க வேண்டும். 257 ஹெக்ஸில் 101, அதாவது 113101-இல் அந்த ஐந்து எழுத்துகளின் குறியீடுகளான 75 73 74 61 72. பேஜிங்குக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது? 113000-இல் முதல் நான்கு பைட்டுகளையும் போடுங்கள்.

கேட்டவர்:
முன்னால் நீங்கள் சொன்ன அதே ஐந்து பைட்டுகள். பின்னால் எல்லாம் 00. 113000-இல் 23 40 11 00.

பதில் 1:
அந்த நான்கு பைட்டுகளே விடை. எக்ஸ்86 எண்ணின் கடைசி பைட்டை முதலில் வைக்கும், அதனால் கடைசியிலிருந்து திருப்பிப் படியுங்கள்: 00114023. இது பேஜ் டைரக்டரியின் (பேஜ் டேபிள்கள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல்) முதல் பதிவு! ஒவ்வொரு பக்கமும் பௌதிக நினைவகத்தில் எங்கே என்று சொல்லும் பேஜ் டேபிள் 114000-இல் இருக்கிறது. கடைசி 3 'இருக்கிறது, எழுதலாம்' என்ற இரண்டு பிட்டுகள். அதற்கு முந்தைய 2, சிபியூ அதைப் பயன்படுத்திவிட்டதற்கான அடையாளம்.

நினைவகத்தைப் பகிர்ந்து தரும் உங்கள் அலொகேட்டர் கர்னல் முடிவிலிருந்துதானே இடம் தருகிறது? பேஜ் டைரக்டரி 4 கேபி எல்லையில் உட்கார வேண்டும். 112400-ஐ அடுத்த எல்லைக்கு நகர்த்தினால் 113000. க்ரப் மாட்யூலை வைத்திருப்பதும் அங்கேதான். டைரக்டரியும் டேபிளும் சேர்ந்து டாரின் முதல் 8 கேபியை அழித்துவிட்டன.

எல்லா மாட்யூல்களையும் பார்த்து, முடிவு முகவரிகளில் மிகப் பெரியதை எடுத்து, அதற்கு அப்பால் அலொகேட்டரைத் தொடங்குங்கள். முதல் ஒதுக்கீட்டுக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். க்ரப் தரும் மெமரி மேப்பை (எந்த நினைவகப் பகுதியைப் பயன்படுத்தலாம் என்ற பட்டியல்) நம்பி இதை விட்டுவிடாதீர்கள். கர்னலும் மாட்யூலும் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் அது 'பயன்படுத்தலாம்' என்றே காட்டும். ஃப்ரேம் பிட்மேப் (எந்தப் பௌதிகப் பக்கம் பயன்பாட்டில் உள்ளது என்ற குறிப்பு) வைத்திருந்தால் மாட்யூல் பக்கங்களை நீங்களே குறித்துவைக்க வேண்டும். லினக்ஸும் ஆரம்பத்திலேயே இனிட்ஆர்டியின் இடத்தை மெம்பிளாக் என்ற தன் தொடக்கக்கால அலொகேட்டரில் ஒதுக்கிவைத்துவிடுகிறது.

கேட்டவர்:
வேலை செய்கிறது அண்ணா, ரொம்ப நன்றி! ஆனால் 6 எம்பி டார் கொடுத்துப் பார்த்தேன், பாதியில் பேஜ் ஃபால்ட் (மேப் செய்யாத முகவரியைத் தொட்டதால் வரும் பிழை). பிழை வந்த முகவரியைக் காட்டும் சிஆர்2 ரெஜிஸ்டரில் 400000 இருக்கிறது.

பதில் 1:
400000 என்றால் சரியாக 4 எம்பி. ஒரு பேஜ் டேபிளில் 1024 பதிவுகள், பதிவுக்கு 4 கேபி. அதற்கு மேல் அது எட்டாது. நீங்கள் ஒரே ஒரு டேபிள்தான் போட்டிருக்கிறீர்கள். இப்போது பேஜ் டைரக்டரியே 4 எம்பிக்கு மேலே போயிருக்கும், ஆகவே மாட்யூல் முடிவோடு நிறுத்தாமல் அலொகேட்டர் இதுவரை கொடுத்த கடைசி முகவரி வரை மேப் செய்யுங்கள். அப்புறம் கர்னலை 3 ஜிபிக்கு மேலே நகர்த்தும் எண்ணம் இருந்தால், மாட்யூல் தொடக்கமாக க்ரப் தருவது பௌதிக முகவரி. அதை அப்படியே பாயிண்டராகப் பயன்படுத்த முடியாது, 3 ஜிபியைக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

கேட்டவர்:
மூன்று டேபிள் போட்டேன். 6 எம்பியும் முழுக்கப் படிக்கிறது.