கோல்டன்ரொட் பூவில் தேனீக்கள் தொங்கிச் சாகின்றன, என்ன காரணம்?

வேலியோரத் தோட்டம்:
கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். பின்வளவு வேலியோரம் தானாக முளைத்த கோல்டன்ரொட் இந்த ஆகஸ்ட் கடைசியில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. அதில் சில தேனீக்கள் அசையாமல் தொங்குகின்றன, தொட்டாலும் பறக்கவில்லை. பக்கத்தில் யாரும் மருந்து அடிக்கவில்லை. ஏதும் நோயா? செடியை வெட்டிவிடவா?

மணியன்:
நண்டுச் சிலந்தியாக இருக்கும். மஞ்சள் பூவில் மஞ்சளாக நிறம் மாறி உட்கார்ந்திருக்கும்.

ரூஜ் நடையன்:
அக்கா, தயவுசெய்து வெட்டாதீர்கள். தேனீக்கு அடியில், பூக்கொத்துக்குள் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர்கூட வராத, கோணல்மாணலான உடம்புள்ள பூச்சி ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆம்புஷ் பக், அதாவது பதுங்கிப் பிடிக்கும் பூச்சி என்பார்கள். மற்றப் பூச்சிகளை வேட்டையாடும் அசாசின் பக் குடும்பம். ஒன்ராறியோவில் ஃபைமாடா அமெரிக்கானா என்ற இனம் உண்டு. மணியன் சொல்லும் சிலந்தியும் இதே பூவில் இருக்கலாம். ஆனால் அதற்குக் கால் எட்டு. இதற்கு ஆறுதான், நுனி தடித்த உணர்கொம்பும் இருக்கும்.

முன்கால்களைத்தான் பார்க்க வேண்டும். தொடை புடைத்திருக்கும், அதன்மேல் கீழ்க்கால் பாக்குவெட்டி போல மடங்கும். தேனீ கைக்கெட்டும் தூரத்துக்கு வரும்வரை அசையாது. வந்ததும் ஒரே பிடி, உடனே ஊசி வாய் உள்ளே இறங்கிவிடும். அதன் எச்சில் இரையை முடக்கி, உள்ளே இருப்பதையும் கரைக்கும். கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கும். வெளிக்கூடு குலையாமல் தொங்குவதால்தான் உங்களுக்கு நோய் போலத் தெரிகிறது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய பம்பிள் தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும்கூடப் பிடிக்கும்.

ரூஜ் பூங்காவில் நடக்கும்போது ஒரு பூச்சியின் முதுகில் இன்னொன்று ஏறி இருப்பதை அடிக்கடி பார்ப்பேன். மேலே இருப்பது ஆண், நிறத்தில் கறுப்பு அதிகம். கறுப்பு வெயிலில் சீக்கிரம் சூடேறும். குளிரான நேரத்தில் கறுத்த ஆண்கள் துணை தேடுவதில் முந்துகின்றன என்று ரொறன்ரோ பக்கத்து ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எனக்கு இந்தப் பூச்சியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

வேலியோரத் தோட்டம்:
தம்பி, நீங்கள் சொன்னபடியே கீழே இருந்தது! மஞ்சளும் பழுப்புமாக, பூவோடு பூவாக. பிள்ளைகள் அந்தப் பூவைப் பறிப்பார்கள், கடிக்குமா?

ரூஜ் நடையன்:
தானாக வந்து கடிக்காது. விரலுக்குள் நசுங்கினால் குத்தும், நன்றாக வலிக்கும். பறிக்குமுன் கொத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும். மருந்து மட்டும் வேண்டாம், தேனீக்களும் சேர்ந்து சாகும்.

அப்புறம் ஒன்று. குளிர் வந்ததும் வளர்ந்த ஆம்புஷ் பக் எல்லாம் செத்துவிடும். செடியில் இட்ட முட்டைகள்தான் பனிக்காலத்தைத் தாண்டும். அதனால் இலையுதிர் காலத்தில் தண்டுகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுக்காதீர்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் வேலியோரமே போட்டுவையுங்கள்.