விடுவிப்புத் தொகை, வளர்ப்பீடு, நாற்றங்கால் பங்கு

கும்பகோணத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நாம் தொகுத்துவரும் தமிழ்க் கால்பந்துச் சொற்பட்டியலில் "டிரான்ஸ்பர் ஃபீ"க்கு நேராக "வீரர் விலை", "மாற்றுக் கட்டணம்", "இடமாற்றத் தொகை" என மூன்று சொற்கள் கிடக்கின்றன. மூன்றையும் எடுத்துவிட்டு "விடுவிப்புத் தொகை" என ஒன்றை வைக்கலாம் என்பது என் கருத்து.

வீரரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. ஒப்பந்தக் காலம் முடியுமுன் அவரை விட்டுக்கொடுக்கும் கழகத்துக்குப் புதுக் கழகம் தரும் பணம் இது. காலம் முடிந்துவிட்டால் விடுவிக்க எதுவும் மிச்சமில்லை, பணமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மாறும் வீரர்களுக்கு 1995 டிசம்பர் 15 அன்று பெல்ஜிய வீரர் போஸ்மான் தொடுத்த வழக்கின் தீர்ப்பு உறுதிசெய்தது இதைத்தான். "விலை" என்று எழுதினால் ஒப்பந்தம் முடிந்த வீரர் ஏன் "இலவசமாக"ப் போகிறார் என்பதற்குத் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும். "விடுவிப்பு" என்றால் சொல்லிலேயே காரணம் இருக்கிறது.

2017-இல் நெய்மார் பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் போனபோது கட்டிய 22.2 கோடி யூரோ, ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருந்த தொகை. அதை "முன்குறித்த விடுவிப்புத் தொகை" எனலாம். அதற்கு முந்தைய ஆண்டு பிரெஞ்சு வீரர் போக்பாவை விடுவிக்கக் கொடுத்த 10.5 கோடி யூரோதான் அதுவரை உச்சம். ஒரே தாவலில் இரு மடங்கைத் தாண்டியது. இந்த ஏற்றத்துக்கு "விடுவிப்புத் தொகை வீக்கம்" போதும். பணவீக்கம் என்ற சொல் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது.

வீக்கத்தின் வேர் கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது. 10 கோடிக்கு 5 ஆண்டு ஒப்பந்தம் போட்டால் பணம் கொடுக்கும் கழகம் ஆண்டுக்கு 2 கோடிதான் செலவு எழுதும். 8 ஆண்டு போட்டால் 1.25 கோடி. பணத்தைப் பெறும் கழகமோ, புத்தகத்தில் மிச்சமிருக்கும் மதிப்பு போக, முழுத் தொகையையும் அந்த ஆண்டே வரவு வைத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் செல்சீ கழகம் 2023 தொடக்கத்தில் எட்டரை ஆண்டு ஒப்பந்தங்கள் போட்டதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. அதே ஆண்டு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் 5 ஆண்டுக்கு மேல் பிரித்து எழுதக்கூடாது என்று வரம்பு கட்டியது. இப்படிப் பிரித்தெழுதுவதைத் "தேய்மானம்" என்று போட வேண்டாம். அது இயந்திரத்துக்குரிய சொல், 19 வயதுப் பையனுக்குப் பொருந்தாது. "ஆண்டுப் பிரிப்பு" என்று வைத்துக்கொள்வோம்.

எனக்குப் பிடிபடாதது "சாலிடாரிட்டி காண்ட்ரிப்யூஷன்". பட்டியலில் "ஒற்றுமைப் பங்களிப்பு" என்றிருக்கிறது. சிறு கழகச் செயலாளர் இதைப் படித்தால் தான் யாருக்கோ பணம் கட்டவேண்டும் போலிருக்கிறதே என்றுதான் நினைப்பார். உண்மையில் அது, வீரரைச் சிறுவயதில் வளர்த்ததற்காக அவர் கழகத்துக்கு வரவேண்டிய பணம்.

நாகப்பட்டினத்திலிருந்து:

குடந்தை ஐயாவுக்கு வணக்கம். விடுவிப்புத் தொகைக்கு உடன்படுகிறேன். ஒற்றுமைப் பங்களிப்புக்குப் பதில் "கடைமடைப் பங்கு" என்றால் என்ன? மேலே புரளும் பணத்தில் ஒரு பகுதி கடைசிக் கழகம்வரை வந்து சேரவேண்டும் என்பதுதானே உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா விதியின் நோக்கம். கடைமடை என்றால் தமிழ்நாட்டில் விளக்கம் தேவையில்லை. தலைமடையில் எவ்வளவு புரண்டாலும் கடைமடைக்கு வந்ததுதான் கணக்கு.

மன்னார்குடியிலிருந்து:

நாகை ஐயா, சொல் அழகாக இருக்கிறது, ஆனால் திசை தவறு. கடைமடைக்கு வருவது மேலே உள்ளவர்கள் பாய்ச்சியது போக மீந்த தண்ணீர். இந்தப் பணம் மீந்தது அல்ல. வீரரை வளர்த்த கழகத்துக்கு, வளர்த்த ஒரே காரணத்தால் வரும் உரிமை. "நாற்றங்கால் பங்கு" என்று வைக்கலாம். 8 சென்ட் நாற்றங்காலிலிருந்து ஒரு ஏக்கர் நடவு ஆகிறது. நாற்று விட்டவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்றால், விளைச்சலில் நாற்று விட்டவருக்கு ஒரு பங்கு. விதி அச்சாக இதுதான்.

கணக்கைப் பாருங்கள். விடுவிப்புத் தொகையில் 5 விழுக்காட்டைப் புதுக் கழகம் பிடித்துவைத்து, வீரரின் 12 முதல் 23 வயதுவரை அவரை வளர்த்த கழகங்களுக்குப் பிரிக்க வேண்டும். 12, 13, 14, 15-ஆம் பிறந்தநாள் விழும் ஆண்டுகளுக்குத் தலா 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை தலா 0.5. நாலு ஆண்டுக்கு 1, எட்டு ஆண்டுக்கு 4, ஆக 5. ஒரு பையன் 12 முதல் 15 வரை ஒரே கழகத்தில் ஆடியிருந்து, பின்னாளில் 1 கோடி யூரோவுக்குப் போனால் அந்தக் கழகத்துக்கு 1 லட்சம் யூரோ. ஆண்டின் நடுவில் சேர்ந்திருந்தால் இருந்த காலத்துக்கு ஏற்பக் குறையும். வீரரைக் கொஞ்ச காலத்துக்கு இரவலாக எடுத்துத் தொகை கொடுத்தாலும் இது உண்டு. விடுவிக்கும் கழகமும் சேர்க்கும் கழகமும் ஒரே நாட்டில் இருந்தாலும், வளர்த்த கழகம் வேறு நாட்டுக் கால்பந்துச் சங்கத்தைச் சேர்ந்ததென்றால் 2020 ஜூலை முதல் உண்டு. விடுவிப்புத் தொகையே இல்லாத பெயர்வில் 5 விழுக்காடும் பூச்சியம்தான்.

அதனால்தான் "டிரெய்னிங் காம்பென்சேஷன்" என்பதை இதோடு குழப்பக்கூடாது. அது விடுவிப்புத் தொகையைச் சார்ந்ததல்ல. வீரர் முதன்முதலாகத் தொழில்முறையாகப் பதிவாகும்போதும், 23-ஆம் பிறந்தநாள் விழும் ஆண்டு முடியும்வரை நாடு விட்டு நாடு மாறும்போதும், வளர்த்த செலவை ஆண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுப்பது. இழப்புக்கு ஈடு இழப்பீடு. வளர்ப்புக்கு ஈடு "வளர்ப்பீடு". 12 முதல் 15 வயது வரையான ஆண்டுகளுக்கு, சேர்க்கும் கழகம் ஐரோப்பாவில் இருந்தால் ஆண்டுக்கு 10,000 யூரோ, ஆசியாவில் இருந்தால் 2,000 டாலர். சேர்க்கும் கழகம், பயிற்சிச் செலவை வைத்துப் பிரித்த நான்கு வகைகளில் கடைசியான நான்காம் வகையாக இருந்தால் எதுவும் கிடையாது.

இனி, பணம் ஏன் வந்து சேருவதில்லை என்பதையும் சொற்பட்டியலின் விளக்கத்தில் சேர்க்க வேண்டுகிறேன். பணம் பயிற்சியாளருக்கோ பள்ளி அணிக்கோ போகாது, சங்கத்தில் இணைந்த கழகத்துக்குத்தான் போகும். பையன் அந்தக் கழகத்தின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், அதுவும் 12-ஆம் பிறந்தநாள் விழும் ஆண்டிலிருந்தே. நம் பக்கத்தில் பையன்கள் மைதானத்தில் ஐந்து வருடம் ஆடுகிறார்கள், பதிவு மட்டும் 16 வயதில் ஏதோ போட்டிக்காக நடக்கிறது. அப்போது முந்தைய நாலு ஆண்டின் 1 விழுக்காடு போனதுதான். பிறந்த தேதி ஒரு பதிவில் ஒன்றும் கடவுச்சீட்டில் வேறொன்றும் இருந்தாலும் சிக்கல்தான்.

2022 நவம்பர் முதல் ஃபிஃபாவின் தீர்வகம் ("கிளியரிங் ஹவுஸ்") பாரிஸிலிருந்து இந்தப் பணத்தைப் பிரித்துத் தருகிறது. வீரர் எந்த ஆண்டில் எந்தக் கழகத்தில் இருந்தார் என்ற மின்னணு வரலாற்றின் வரைவை முதலில் வெளியிடுவார்கள். சரிபார்க்க 10 நாள். திருத்தம் தேசியச் சங்கம் வழியாகத்தான் போகும். பெயர் வந்தாலும் வேலை முடியவில்லை. தீர்வகம் கேட்கும் ஆவணங்களைக் கொடுத்துத் தகுதிச் சோதனையில் தேறிய கழகத்துக்கே பணம். கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாமல் செயலாளரின் சொந்தக் கணக்கை நம்பியிருந்தால் இங்கே நின்றுவிடும்.

அந்த மின்னணு வரலாற்றுக்கு "ஆட்டக் கடவுச்சீட்டு" என்று யாரோ எழுதியிருந்தார்கள். வேண்டாம். எல்லை தாண்டும் ஆவணம் என்றே படிப்பவர்கள் எண்ணுவார்கள். "வளர்ப்புப் பதிவேடு" என்றால் போதும்.

கும்பகோணத்திலிருந்து:

அம்மா, நாற்றங்கால் பங்கு, வளர்ப்பீடு, வளர்ப்புப் பதிவேடு மூன்றையும் ஏற்கிறேன். நேரடி விதைப்பு பெருகிவரும் நாளில் நாற்றங்கால் புரியுமா என்று ஒரு கணம் தயங்கினேன். புரியும்.

வளர்ப்பீட்டின் விளக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தொகையை மேலிருந்து குறைவாக நிர்ணயித்துவிட்டால் சிறு கழகத்தையே அது மூடவைக்கும். இங்கிலாந்தில் 2012-இல் வந்த இளம் வீரர் பயிற்சித் திட்டத்தில் 9 முதல் 11 வயதுவரை ஆண்டுக்கு வெறும் 3,000 பவுண்டு என்று வைத்தார்கள். பெரிய கழகங்கள் அந்தத் தொகையைக் கொடுத்துச் சிறுவர்களை அள்ளின. வளர்த்துப் பயனில்லை என்று பிரென்ட்ஃபோர்டு கழகம் 2016-இல் தன் பயிற்சியகத்தையே மூடியது. ஒரு பக்கம் கோடிகளில் வீக்கம், மறுபக்கம் நாற்று விட்டவனுக்கு இந்தக் கூலி.

நாகப்பட்டினத்திலிருந்து:

மன்னார்குடி அம்மா சொன்ன திசைக் கணக்கு சரி. கடைமடையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. வீரரை விடுவிக்கும் சிறு கழகம், அவர் அடுத்து எங்கு போனாலும் அந்தத் தொகையில் 10 அல்லது 20 விழுக்காடு தனக்கு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறது. பட்டியலில் "மறுவிற்பனைப் பங்கு" என்றிருக்கிறது. "விற்பனை"யை ஒரு பக்கம் விலக்கிவிட்டு இங்கே விடக்கூடாது. "பின்விடுவிப்புப் பங்கு" என்று மாற்றுகிறேன். இது விதி தரும் உரிமை அல்ல, பேசிப் பெறுவது என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். இல்லாவிட்டால் நாற்றங்கால் பங்கோடு கலந்துவிடும்.

"மொத்தத் தொகையில்" என்று எழுதினார்களா, "இலாபத்தில்" என்று எழுதினார்களா என்பதில்தான் சிறு கழகம் ஏமாறுகிறது. 20 லட்சத்துக்கு விடுவித்தவர் பின்பு 50 லட்சத்துக்குப் போனால், 20 விழுக்காடு என்பது மொத்தத்தில் 10 லட்சம், இலாபத்தில் 6 லட்சம். பணத்தோடு இன்னொரு வீரரையும் சேர்த்துக் கைமாற்றிக்கொண்டால் கணக்கில் காட்டும் தொகை இன்னும் சுருங்கும். மாற்றாக வரும் வீரருக்கு எப்படி மதிப்புப் போடுவது என்று அந்தப் பிரிவிலேயே எழுதவேண்டும். தொகை தவணையாக வந்தால் பங்கும் தவணையாகத்தான் வரும். அந்தத் தேதிகளும் அதிலேயே வேண்டும்.