சார்க்கோபீனியா: தசைத்தேய்வா, தசைவாட்டமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

முதுமையில் தசை குறைந்து வலு இழக்கும் சார்க்கோபீனியாவுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற கேள்விக்கு நம் குழுமத்தில் இதுவரை வந்த பரிந்துரைகள்: தசைச்சிதைவு, தசைத்தேய்வு, ஊன்குறை. முதலாவது வேண்டாம். மரபணுக் கோளாறால் வரும் மஸ்குலர் டிஸ்ட்ரோபியை ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறோம். ஊன்குறை கிரேக்க மூலத்துக்கு நேரானது. 1980களின் இறுதியில் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் இட்ட பெயரின் பொருளும் அதுவே. ஆனால் இன்று மருத்துவர்கள் ஊனை மட்டும் அளப்பதில்லை, வலுவையும் பார்க்கிறார்கள். 2019 ஆசிய வழிகாட்டுதலின்படி கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனாலோ, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ பிடித்தாலோ சந்தேகப்பட வேண்டும்.

என் பரிந்துரை 'மூப்புத் தசைவாட்டம்'. தேய்வு என்றால் போனது போனதுதான் என்று தொனிக்கிறது. வாடிய செடி தண்ணீர் கண்டால் நிமிரும். 1990-இல் பாஸ்டனில் 90 வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. நோயாளி காதில் விழும் சொல் இந்த நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது.

அடுத்து, இதற்கு மூலிகையும் பயிற்சியும் சேர்த்துத் தரும் மருத்துவத்தை எப்படிச் சொல்வது? 'கூட்டுச் சிகிச்சை' என்றால் இரண்டும் சரிபாதி ஆகிவிடும். சான்று அப்படி இல்லை. பலரும் காட்டும் 2015 அமுக்கரா (அசுவகந்தா) ஆய்வில் 57 ஆண்கள், எட்டு வாரம், தினம் இருவேளை 300 மில்லிகிராம் வேர்ச்சாறு. எடைப்பயிற்சியோடு அமுக்கரா எடுத்தவர்களுக்கு வலு கூடுதலாக ஏறியது உண்மை. அவர்கள் வயதோ 18 முதல் 50! தாத்தாவுக்கு அதை அப்படியே எழுதிக்கொடுக்க முடியாது. அமுக்கராவால் கல்லீரல் பாதிப்பு வந்த பதிவுகளும் உண்டு.

ஆகவே 'மூலிகைத்துணைப் பயிற்சி'. தமிழில் சேர்ந்து வரும் சொற்களில் முதன்மையான சொல் பெரும்பாலும் கடைசியில்தானே வரும்? இங்கே அது பயிற்சி. 'துணைமருந்து' என்று திருப்பிப் போட்டால் சித்த மருத்துவர்கள் தேன், நெய், வெந்நீர் என்று மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானத்தை நினைத்துக்கொள்வார்கள்.

இதே தடத்தில், வலு மட்டும் குறையும் டைனபீனியாவுக்கு 'வலுவாட்டம்' பொருந்தும். புற்றுநோயில் உடல் கரையும் கேகெக்சியாவுக்கு மட்டும் வாட்டத்தை இழுக்க வேண்டாம். அது சாப்பாட்டைக் கூட்டினால் மட்டும் மீள்வதில்லை. என்புருக்கி (எலும்புருக்கி) என்ற நோய்ப்பெயரை ஒட்டி 'உடலுருக்கி' எனலாமா? சித்த மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.