புதுச்சேரி முத்தியால்பேட்டை வீடு: வாட்ஸ்அப் குழு

சனி

கயல்: பிரான்ஸ் வந்தாச்சு, லியோன்ல ரூமுக்கு வந்து சேந்துட்டேன். சாவி வாங்கியாச்சு, பெட்டி ரெண்டும் பத்திரம்.

அம்மா: அப்பாடா. இப்பத்தான் உயிரே வந்துச்சு. அங்க மணி என்ன? சாப்பிட்டியா?

கயல்: ஏழரைம்மா. உங்களுக்குப் பதினொன்னு, நீங்க படுங்க. பொடி தடவின இட்லி நாலு மிச்சம் இருந்துச்சு, அதான் சாப்பிட்டேன்.

கடலூர் அத்தை: கருவாட்டைப் புடுங்கிட்டாங்களா?

கயல்: இல்லத்தை. மீன், கருவாடெல்லாம் 20 கிலோ வரைக்கும் கொண்டு போலாம். பால் சம்பந்தப்பட்டதுதான் கூடாது. அம்மா கடைசி நேரத்துல நெய் டப்பாவை எடுத்து வெளிய வச்சது நல்லதாப் போச்சு.

தம்பி: ரூம் போட்டோ போடுக்கா

கயல்: 📷 18 சதுர மீட்டர். கட்டில், மேசை, ரெண்டு பர்னர் கரண்ட் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ்.

அப்பா: 194 சதுர அடி. நம்ம முன்ரூம் அளவு. ஒரு ஆளுக்குப் போதும்.

பெரியப்பா: எத்தா தெ லியே பாத்தியாம்மா?

கயல்: ரூம்ல என்னென்ன இருக்கு, எப்படி இருக்குன்னு எழுதின தாள்தானே பெரியப்பா? கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

பெரியப்பா: ஒவ்வொண்ணா பாத்துட்டா போட்ட?

கயல்: இல்ல. பின்னாடி நாலு பேர் நின்னாங்க. எனக்குத் தூக்கம் வேற.

பெரியப்பா: சரி, தூங்கு. காலையில வெளிச்சத்துல எல்லாத்தையும் திறந்து மூடிப் பாரு.

ஞாயிறு

கயல்: பெரியப்பா, ஒரு பர்னர் சூடே ஆகல. மேசையில தீஞ்ச தழும்பு இருக்கு. ஜன்னல் பாதிக்கு மேல திறக்க மாட்டேங்குது. தாள்ல எல்லாத்துக்கும் 'நல்ல நிலை'ன்னு போட்டிருக்கு, கீழ என் கையெழுத்து 😞

அம்மா: போன உடனே குறை சொன்னா ஏதாவது நினைச்சுக்கப் போறாங்க. ஆறு மாசந்தானே, அனுசரிச்சுப் போயிடும்மா.

பெரியப்பா: அப்படி விடக் கூடாது. நம்ம ஊர்ல வீடு காலி பண்றப்போ வெள்ளையடிக்கிற காசுன்னு அட்வான்ஸ்ல பிடிப்பாங்கல்ல, அங்க அது இந்தத் தாளை வச்சுத்தான் நடக்கும். போறப்போ இன்னொரு தாள் எழுதி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. முதல் தாள்ல இல்லாத தழும்பு ரெண்டாவதுல இருந்தா நீ பண்ணதுன்னு ஆயிடும். ஃபர்னிச்சரோட விடுற ரூமுக்கு ரெண்டு மாச வாடகை வரைக்கும் டெபாசிட் வாங்கலாம். சின்னத் தொகையில்ல.

பெரியப்பா: பட்டாளத்துலேர்ந்து வந்த புதுசுல அங்க பிரான்ஸ்ல தூலோன்ங்கிற ஊர்ல ஒரு ரூம் எடுத்தேன். யாரோ பண்ண கறைக்கு என் காசு போச்சு. எனக்குச் சொல்றதுக்கு அன்னைக்கு ஆளில்ல. உனக்கு நான் இருக்கேன். கையெழுத்துப் போட்டதுலேர்ந்து 10 நாளுக்குள்ள திருத்தச் சொல்லிக் கேக்க சட்டத்துல இடம் இருக்கு. இது சண்டை இல்லம்மா, உன் கணக்கு.

கயல்: ஆபீஸ்ல போய் சொல்லிட்டு வந்தா போதுமா?

பெரியப்பா: வாய் வார்த்தை வேணாம். போட்டோ சேத்து இன்னைக்கே மெயில் போடு. பதில் வரலைன்னா ரெஜிஸ்தர் தபால். பிரெஞ்சுல நானே எழுதித் தரேன், பத்து நிமிஷம் இரு.

அப்பா: ண்ணே, நல்லவேளை கேட்டீங்க. எனக்கு இது தோணவே இல்ல.

திங்கள்

தம்பி: அக்கா முதல் நாள் எப்படி?

கயல்: ஆள் ஆளா போய் போன்ஜூர் சொல்லிக் கை குடுத்தேன், ஒருத்தரையும் விடல. பெரியப்பா சொன்னபடியே. லேப்ல இங்கிலீஷ், ஆனா சாப்பாட்டு மேசையில எல்லாரும் பிரெஞ்சு. பாதிதான் புரிஞ்சுது, அங்கதான் பயம் வந்துச்சு. 'பொந்திஷேரி'ன்னு சொன்னதும் ஒரு அம்மா பக்கத்துல உக்காந்து மெதுவா பேசினாங்க.

அம்மா: அவங்க நல்லா இருக்கணும்.

அப்பா: வேலை நேரம்? பணம் எப்படி?

கயல்: வாரத்துக்கு 35 மணி நேரம். ஸ்தாஜ், அதான் இந்த இன்டர்ன்ஷிப், ரெண்டு மாசத்துக்கு மேல போனா மாசாமாசம் பணம் குடுத்தே ஆகணும்ப்பா. அது ஒப்பந்தத்துலயே இருக்கு: காலேஜ், கம்பெனி, நான், மூணு பேர் கையெழுத்தும். மெட்ரோ பாஸுல பாதியும் அவங்க தருவாங்க. விசாவை ஆன்லைன்ல பதியணும், மூணு மாச டைம் இருக்கு, இந்த வாரமே முடிச்சுடுறேன்.

கயல்: அப்பா, என் ஸ்டேஷன் பேரு மோன்ப்ளேசிர்-லூமியேர். லூமியேர் அண்ணன் தம்பி 1895ல சினிமா எடுத்த இடம் இதான்.

அப்பா: உண்மையாவா! ஞாயித்துக்கிழமை அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

புதன்

கயல்: பெரியப்பா!! பதில் வந்துடுச்சு. மூணையும் சேத்துத் திருத்தின தாள் அனுப்பிட்டாங்க. இன்னைக்கு ஆள் வந்து ஜன்னலைச் சரி பண்ணிட்டுப் போனார். அடுப்பு அடுத்த வாரம்.

பெரியப்பா: சந்தோஷம்மா. அந்தத் தாள் பத்திரம். சாவி திருப்பிக் குடுக்குற அன்னைக்குக் கையில இருக்கணும்.

கயல்: பாஸ்போர்ட் கவர்லயே வச்சுட்டேன்.

கடலூர் அத்தை: ஜன்னல் முழுசா திறக்குதுல்ல? அப்ப கருவாடு வறுக்கலாம். புகை அலாரம் இருந்தா சட்டிக்கு மூடி போட்டு, சூட்டைக் குறைச்சு வையி.

கயல்: ஞாயித்துக்கிழமை பண்றேத்தை. இங்க கியோத்தியேர்னு ஒரு ஏரியா, அந்தப் பக்கம் போய் அரிசி வாங்கணும். பக்கத்து ரூம் மொராக்கோ பொண்ணும் மீன் சாப்பிடுவாளாம், கூப்பிட்டிருக்கேன்.